சின்ன ஆய்வகம் கட்ட எந்த இடம்: ஏற்காடா, தீர்த்தமலைப் பக்கமா?

சேலம்_வான்நோக்கி

வணக்கம். சேலத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து வானம் பார்க்கும் குழு ஒன்று நடத்துகிறோம். பெரும்பாலும் பள்ளி ஆசிரியர்கள், ஒருவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார், கல்லூரி மாணவர்கள் சிலரும் உண்டு. இத்தனை நாளும் 8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கியை வண்டியில் ஏற்றிக்கொண்டு எங்காவது இருட்டான இடமாகப் பார்த்துப் போய், இறக்கி, கண்ணாடியைச் சரிசெய்து முடிப்பதற்குள் பாதி இரவு போய்விடும். இப்போது 12 அங்குலக் கண்ணாடி ஒன்று கைக்கு வந்திருக்கிறது. அதற்கான குழாயும், வானம் சுழல்வதற்கு ஏற்ப அதைத் திருப்புகிற ஈக்வடோரியல் மவுண்ட் என்ற தாங்கியும் பட்டறையிலேயே தயாராகின்றன. இதைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. ஓர் இடத்தில் நிரந்தரமாக நிறுத்தி, கூரையைத் தண்டவாளத்தில் தள்ளித் திறக்கிற மாதிரி சின்னதாக ஓர் ஆய்வகம் கட்டிவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

இடம்தான் இழுபறியாக இருக்கிறது. ஒன்று ஏற்காட்டில் நண்பர் ஒருவரின் காபித் தோட்டத்தில் ஒரு மூலை. சுமார் 1500 மீட்டர் உயரம், சாலை, மின்சாரம், தங்க அறை எல்லாம் இருக்கிறது. இன்னொன்று அரூருக்குக் கிழக்கே தீர்த்தமலைப் பக்கத்தில் எங்கள் குழுவில் ஒருவரின் தாய்மாமா வீட்டு மானாவாரி நிலம். உயரம் என்று சொல்ல ஒன்றுமில்லை, 300, 400 மீட்டர் இருக்கலாம். பகலில் வெயில் கொளுத்துகிற பூமி. கடைசி கொஞ்ச தூரம் மண்பாதை.

குழுவில் பெரும்பாலானவர்கள் ஏற்காடு என்கிறார்கள். உலகத்தில் பெரிய தொலைநோக்கிகள் எல்லாம் மலை உச்சியில்தானே இருக்கின்றன, உயரம் கிடைக்கும்போது அதை விட்டுவிட்டுச் சமவெளிக்கு ஏன் போகவேண்டும் என்பது அவர்கள் கேள்வி. எனக்கு அந்த அளவுக்கு நிச்சயமில்லை. எங்கள் நோக்கம் இரண்டு. பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவந்து வானம் காட்டுவது, அப்புறம் ஒளி கூடிக் குறைகிற மாறும் விண்மீன்களின் ஒளியளவைத் தொடர்ந்து எடுத்து வருடக்கணக்கில் பதிவு வைப்பது. இரண்டாவது வேலைக்கு இடம் சரியாக இல்லையென்றால் போட்ட பணமும் உழைப்பும் வீண். எதை எதைப் பார்த்து முடிவு செய்யவேண்டும், கட்டுவதற்கு முன்னால் எதை எப்படி அளந்து பார்க்கவேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

காவலூர்க்காற்று

வணக்கம் சார். நான் ஆலங்காயம் பக்கம். விண்மீன் ஆய்வகம் இருக்கிற காவலூருக்கு அருகிலேயே வளர்ந்தவன் என்பதால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

உயரத்தை முதல் தகுதியாக வைக்காதீர்கள். இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே நல்ல சாட்சி இருக்கிறது. கொடைக்கானல் ஆய்வகம் 2343 மீட்டர் உயரத்தில் 1899-இல் தொடங்கப்பட்டது. சூரிய ஆராய்ச்சிக்கு அது அருமையான இடம். சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை வானியலாளர் எவர்ஷெட் 1909-இல் கண்டுபிடித்தது அங்கேதான். ஆனால் இரவு வானம் வேறு கதை. மாலையானால் மேகமும் மூடுபனியும் ஏறிவந்துவிடுகிற மலை அது. அங்கே இயக்குநராக இருந்த வைணு பாப்பு விண்மீன் ஆராய்ச்சிக்கென்று 1960-களில் வேறு இடம் தேடி, கடைசியில் ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். அதன் உயரம் எவ்வளவு தெரியுமா? சுமார் 725 மீட்டர். ஏற்காட்டில் பாதிகூட இல்லை. கொடைக்கானல் பட்டறையில் செய்த 38 செ.மீ. தொலைநோக்கியை வைத்து 1968-இல் அங்கே வேலை தொடங்கியது. 1972-இல் 1 மீட்டர் ஸெய்ஸ் தொலைநோக்கி வந்தது, 1977-இல் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது அதன் வளையங்கள் வெளிப்பட்ட அந்த இரவில் காவலூரும் பார்த்துக்கொண்டிருந்தது. 1986-இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி. இத்தனையும் 725 மீட்டர் உயரக் காட்டுக்குள்.

ஏன் காவலூர்? தென்மேற்குப் பருவமழையின் பலமெல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே இறங்கிவிடுகிறது, வடகிழக்குப் பருவமழையின் பலம் கடற்கரையோரம். நடுவில் இருக்கிற எங்கள் பகுதிக்கு இரண்டிலும் பங்கு வரும், ஆனால் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை வானம் துடைத்துவிட்டது போல் இருக்கும். நில நடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் தென்வானத்திலும் நிறையத் தெரியும். அந்தத் தீர்க்கரேகையில் பார்த்தால் ஆஸ்திரேலியாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் நடுவில் தென்வானத்தைக் கவனிக்க வசதியான இடம். சுற்றிலும் காடு, அந்தக் காலத்தில் விளக்கு வெளிச்சமும் கிடையாது. இப்படிப் பல காரணங்கள் ஒன்றுசேர்ந்த இடம் அது, உயரம் அவற்றில் கடைசி.

அப்படியானால் பெரிய தொலைநோக்கிகள் ஏன் மலையில் இருக்கின்றன? அங்கேயும் வெறும் உயரத்துக்காகப் போகவில்லை. சிலியில் பரானல் 2635 மீட்டர். பக்கத்திலுள்ள பசிபிக் கடலில் ஓடும் குளிர்ந்த நீரோட்டத்தால் அங்கே கீழே குளிர்ந்த காற்று, மேலே வெப்பமான காற்று என்று தலைகீழாக ஓர் அடுக்கு அமைகிறது, மேகமெல்லாம் அந்த அடுக்குக்குக் கீழேயே மாட்டிக்கொள்கிறது. மலை அந்த அடுக்குக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டிருப்பதுதான் விஷயம். ஹவாயில் 4205 மீட்டர் மௌனா கியாவிலும் இதே கதைதான். லடாக்கில் ஹான்லே 4500 மீட்டரில் இருக்கிறது. அது இமயமலையின் மழை நிழலில் கிடக்கிற குளிர்ப் பாலைவனம், வருடத்துக்கு 10 செ.மீ. மழைகூடப் பெய்யாது. அகச்சிவப்பு அலைகளை உறிஞ்சிவிடும் நீராவி அங்கே மிகக் குறைவு. அங்கேயிருக்கும் 2 மீட்டர் சந்திரா தொலைநோக்கியைப் பெங்களூருக்குப் பக்கத்தில் ஹொசகோட்டையில் உட்கார்ந்துகொண்டு செயற்கைக்கோள் வழியாக இயக்குகிறார்கள், ஏனென்றால் அந்த உயரத்தில் மனிதன் இரவு முழுவதும் விழித்து வேலை செய்வது கடினம். ஏற்காட்டில் அப்படி எந்த அடுக்குக்கும் மேலே போகப்போவதில்லை. மேகம் உருவாகிற உயரத்துக்கே போய் உட்காரப்போகிறோம். 1500 மீட்டரில் காற்றில் ஆறில் ஒரு பங்கு கீழே தங்கிவிடும், உண்மை. அது கண்ணால் பார்ப்பவருக்குத் தெரிகிற வித்தியாசம் இல்லை. பனிமூட்டம் வந்து கூரையை மூடவேண்டி வந்தால் அது தெரியும்.

அடுத்தது காற்றின் நடுக்கம், சீயிங் என்கிறோமே அது. தெளிவான வானம் வேறு, அமைதியான வானம் வேறு. 250, 300 மடங்கு உருப்பெருக்கத்தில் ஒரு பிரகாசமான விண்மீனை வைத்துப் பாருங்கள். நல்ல இரவில் நடுவில் உருண்டையாக ஒரு புள்ளி, அதைச் சுற்றி மெல்லிய வளையம், அது அப்படியே நிற்கும். மோசமான இரவில் உலை கொதிக்கிற மாதிரி அந்தப் புள்ளி பொங்கிக்கொண்டே இருக்கும், வளையம் துண்டு துண்டாக உடையும். உங்கள் 12 அங்குலக் கண்ணாடியின் கோட்பாட்டு எல்லை சுமார் 0.4 வில்விநாடி (ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்குதான் ஒரு வில்விநாடி). சாதாரண இரவில் காற்று உங்களை 2 வில்விநாடியிலேயே நிறுத்திவிடும். இது பெரும்பாலும் தரையை ஒட்டிய சில மீட்டர் காற்றிலும், பக்கத்துக் குன்றைத் தாண்டி வருகிற காற்றின் சுழலிலும் உண்டாவது. அதனால் ஒரே ஊருக்குள்ளேயே நூறு மீட்டர் தள்ளிப் போனால் மாறும். உதயப்பூரில் சூரிய ஆய்வகத்தை ஃபதேசாகர் ஏரிக்கு நடுவில் தீவில் கட்டியிருப்பது இதற்காகத்தான், சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் பகல் வெயிலில் தரை சூடாகிக் காற்றைக் கலக்குவது குறைகிறது.

என் ஓட்டு தீர்த்தமலைக்கு. அங்கிருந்து காவலூர் வடகிழக்கே நேர்கோட்டில் 60 கி.மீ. கூட இருக்காது, ஏறக்குறைய அதே வானிலைதான். ஆனால் அளந்து பார்க்காமல் அஸ்திவாரம் தோண்டாதீர்கள்.

இருள்தேடி

மேலே சொன்னதோடு ஒளி மாசையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுங்கள். காகிதத்தில் அஞ்சு நிமிஷ வேலை.

அமெரிக்க வானியலாளர் மெர்ல் வாக்கர் 1970-களில் கொடுத்த தோராயக் கணக்கு ஒன்று இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஊரின் மக்கள்தொகையை நூறால் வகுங்கள். வருவதை, தூரத்தின் (கி.மீ.) 2.5 அடுக்கால் வகுங்கள். கிடைக்கிற எண், அந்த ஊர் இருக்கிற திசையில் 45 டிகிரி உயரத்தில், இயற்கையான வான ஒளியோடு செயற்கை ஒளி எத்தனை பங்கு கூடுதலாகச் சேர்கிறது என்பது. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும் என்பதுதான் இதில் மனதில் வைக்கவேண்டியது. நல்ல ஆய்வகத்துக்கு இந்த எண் 0.1-ஐத் தாண்டக்கூடாது என்பார்கள்.

ஏற்காட்டுக்குப் போடுவோம். சேலம் மாநகராட்சியில் 2011 கணக்கெடுப்பின்படியே எட்டு லட்சத்துக்கு மேல். நேர்கோட்டில் தூரம் சுமார் 14 கி.மீ. விடை 11 வருகிறது. அதாவது அந்தத் திசையில் இயற்கை வானத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல் வெளிச்சம். இதைவிட முக்கியம் திசை. ஏற்காட்டிலிருந்து சேலம் தெற்கு-தென்மேற்கில் இருக்கிறது. நம் அட்சரேகையில் இருப்பவனுக்குச் சொத்து என்பதே தென்வானம்தான். ஒமேகா சென்டாரி விண்மீன் கொத்து நமக்கு 30 டிகிரி உயரம் வரை வரும், எட்டா கரீனா விண்மீன் 18 டிகிரி, தென்சிலுவையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஐரோப்பாவில் பெரும்பகுதியில் இருப்பவர்கள் இவற்றைப் பார்க்கவே கப்பலோ விமானமோ ஏறவேண்டும். இதெல்லாம் உச்சத்துக்கு வருகிற நேரம் பார்த்து சேலத்தின் வெளிச்சக் குடைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஏற்காட்டில் நின்று சேலத்தின் விளக்குகளைப் பார்க்க அழகாக இருக்கும் என்று சுற்றுலா வருபவர்கள் சொல்வார்களே, அந்த அழகுதான் ஆய்வகத்துக்கு எதிரி.

தீர்த்தமலைக்குப் போட்டால் சேலம் சுமார் 70 கி.மீ. தென்மேற்கு, விடை 0.2. பரவாயில்லை. ஆனால் அரூரை மறந்துவிடாதீர்கள். 25 ஆயிரம் பேர் இருக்கிற சின்ன ஊர்தான், ஆனால் தூரம் 14 கி.மீ. அளவில் இருந்தால் விடை 0.3-க்கு மேல் வருகிறது. எட்டு லட்சம் பேர் இருக்கிற நகரத்தைவிடப் பக்கத்திலிருக்கிற 25 ஆயிரம் பேர் ஊர் அதிகம் கெடுக்கும் என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். நல்ல வேளையாக அது மேற்கு-தென்மேற்கில் இருக்கிறது. நேர் தெற்கே சித்தேரி, கல்வராயன் மலைக் காடுகள், பெரிய ஊர் இல்லை. தென்வானம் பிழைத்துக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை. வாக்கரின் கணக்கு பழைய விளக்குகள் காலத்தது. இப்போது தெருவெல்லாம் வெள்ளை எல்.இ.டி. நீலம் கலந்த வெளிச்சம் காற்றில் அதிகமாகச் சிதறும், அதனால் கணக்கில் வருவதைவிட உண்மை மோசமாக இருக்க வாய்ப்புண்டு. வானத்தின் இருட்டை எண்ணாகக் காட்டுகிற எஸ்.க்யூ.எம். கருவி வைத்து அளப்பதுதான் சரி, எண் கூடக்கூட இருட்டு அதிகம். தலைக்கு நேர்மேலே காட்டி அளந்தால் இயற்கையான இருட்டு வானத்துக்கு 22-க்குச் சற்றுக் குறைவாகக் காட்டும், பெரிய நகரத்துக்குள் 17, 18. உங்களுக்கு 21-க்கு மேல் கிடைத்தால் சந்தோஷப்படுங்கள்.

சேலம்_வான்நோக்கி

இருவருக்கும் மிக்க நன்றி. இந்தக் கணக்கை அப்படியே குழுவில் போட்டேன், ஏற்காடு கட்சி கொஞ்சம் அமைதியாகிவிட்டது. திசையைப் பற்றி நாங்கள் யாருமே யோசிக்கவில்லை.

தீர்த்தமலை நிலத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். மேற்கே ஒரு குன்று இருக்கிறது, நிலத்தின் நடுவில் நின்றால் வானத்தில் 15 டிகிரி அளவுக்கு மறைக்கும். வடக்கு, கிழக்கு, தெற்கு மூன்றும் திறப்பு. நிலத்துக்குள் கட்ட மூன்று இடம் தோதாக இருக்கிறது: குன்றின் அடிவாரத்தை ஒட்டி (நிழல் இருக்கும், பாதையும் அங்கேதான் முடிகிறது), கிழக்கே ஒரு மேடு, அதில் ஒரு பக்கம் மண், ஒரு பக்கம் பாறை, அப்புறம் கிணற்றடி. மாமா கிணற்றடியில் கட்டுங்கள் என்கிறார், மோட்டார் கொட்டகையில் கரண்டு இருக்கிறது என்று. எது சரி? இன்னொன்று, ஒரு வருடம் முழுக்கக் கருவி வைத்து அளக்கிற வசதி எங்களுக்கு இல்லை. செலவில்லாமல் செய்ய ஏதாவது வழி உண்டா?

கல்தூண்

கட்டட வேலை என் தொழில், இரண்டு நண்பர்களுக்கு இந்த மாதிரித் தள்ளுக்கூரை ஆய்வகம் கட்டிக்கொடுத்திருக்கிறேன், அதனால் நிலத்துக்குள் எங்கே என்பதற்கு நான் சொல்கிறேன்.

அடிவாரம் வேண்டவே வேண்டாம். இரவு ஏற ஏறக் குன்றின் மேலுள்ள காற்று குளிர்ந்து கனமாகிச் சரிவில் இறங்கி அடிவாரத்தில் தேங்கும். மார்கழி, தை மாதங்களில் பனி முதலில் இறங்குவது அங்கேதான், காற்றும் ஓயாமல் அசைந்துகொண்டிருக்கும். கிணற்றடியும் வேண்டாம், ஈரம். கண்ணாடியில் பனி படிவதோடு போராடியே இரவு போய்விடும். மேட்டில் கட்டுங்கள், ஆனால் பாறைப் பக்கம் இல்லாமல் மண் பக்கமாக. பாறையில் அஸ்திவாரம் உறுதியாக நிற்கும் என்று ஆசை வரும். ஆனால் தர்மபுரி மாவட்ட வெயிலில் பகல் முழுக்கக் காய்ந்த வெறும் பாறை நள்ளிரவு வரை சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும், தொலைநோக்கிக்கு முன்னால் அடுப்பு வைத்த கதைதான். மண், அதன்மேல் புல் அல்லது குட்டைச் செடிகள் இருந்தால் சீக்கிரம் ஆறிவிடும். சந்தேகமாக இருந்தால் ஒரே இரவில் 8 அங்குலத்தை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள், நானே சொல்லத் தேவையில்லை, கண்ணே சொல்லிவிடும்.

மேற்கே குன்று இருப்பது நல்லது. நீங்கள் அதிகம் பார்க்கப்போவது ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை. அதில் முதல் பாதியிலாவது இரவுக் காற்று பெரும்பாலும் வடகிழக்கு, கிழக்கிலிருந்து வரும். குன்று அந்தப் பக்கம் இருந்திருந்தால் அதைத் தாண்டி வருகிற காற்றின் சுழல் நேராக உங்கள் தலைமேல் விழும். மேற்கில் இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை, கூடவே அரூர்ப் பக்கத்து வெளிச்சத்தின் அடிப்பகுதியையும் மறைத்துக்கொடுக்கும். 15 டிகிரிக்குக் கீழே பார்க்க ஆசைப்படாதீர்கள், அந்த உயரத்தில் நேர் உச்சியில் இருப்பதைவிடக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு காற்று வழியாகப் பார்க்கிறீர்கள். ஒளியளவு எடுக்கிற வேலைக்கு அது உதவாது.

வடக்கு திறப்பாக இருப்பதாகச் சொன்னீர்கள், அதை அப்படியே காப்பாற்றுங்கள். ஈக்வடோரியல் மவுண்டின் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கிச் சாய்க்கவேண்டும். வெளிநாட்டுக் காணொளிகளில் அது தலைக்கு மேலே எங்கோ இருப்பதுபோல் காட்டுவார்கள். நம் ஊரில் அது அடிவானத்திலிருந்து வெறும் 12 டிகிரி. ஒரு தென்னை போதும் அதை மறைக்க. சுவரின் உயரம், கூரை தள்ளிப்போய் நிற்கிற திசை இரண்டையும் இதைப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும். கூரையை மேற்குப் பக்கம் தள்ளுங்கள், அங்கே ஏற்கனவே குன்று மறைத்துக்கொண்டிருக்கிறது, புதிதாக எதையும் இழக்கமாட்டீர்கள். இன்னொன்று, சந்தையில் கிடைக்கிற பல மவுண்டுகள் 12 டிகிரிக்குச் சாய்க்கும்போது எதிர்எடைக் கம்பி ஸ்டாண்டில் இடிக்கும். நீங்கள் பட்டறையில் செய்கிறீர்கள் என்பதால் இப்போதே அதற்கு இடம்விட்டுச் செய்துவிடலாம்.

தூணைப் பற்றி இரண்டு வார்த்தை. தொலைநோக்கி நிற்கிற தூணும் ஆட்கள் நடக்கிற தரையும் ஒன்றையொன்று தொடவே கூடாது. தூணுக்குத் தனி அஸ்திவாரம், சுற்றிலும் இடைவெளி. பிள்ளைகள் இருபது பேர் உள்ளே வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். சென்னையில் நுங்கம்பாக்கத்தில் 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய ஆய்வகத்தில் கருவிக்காக நிறுத்திய கருங்கல் தூண் இன்றும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. 15 அடி உயரம், சுமார் 10 டன் எடை, தமிழிலும் கல்வெட்டு பொறித்திருக்கிறார்கள். அத்தனை எடை எதற்கு? கருவி அசையக்கூடாது என்பதற்கு. கட்டடம் போய்விட்டது, தூண் நிற்கிறது. உங்களுக்கு 10 டன் வேண்டாம், ஆனால் அந்தக் கவனம் வேண்டும். சுவரைச் செங்கல்லால் தடிமனாகக் கட்டாதீர்கள், அது சூட்டைப் பிடித்துவைக்கும். கோணக்கம்பிச் சட்டத்தில் தகடு அடித்து வெள்ளை வண்ணம் பூசினால் போதும். சுற்றிலும் சிமென்ட் தளம் போடவே வேண்டாம். சித்திரை, வைகாசியில் இடி பலமாக இருக்கிற பகுதி அது, மேட்டில் தனியாக நிற்கும் கட்டடம், இடிதாங்கியும் எர்த்தும் முதல் நாளே போட்டுவிடுங்கள்.

காவலூர்க்காற்று

கல்தூண் அண்ணன் சொன்னதில் நான் மாற்ற ஒன்றுமில்லை. செலவில்லாமல் அளக்கிற கேள்விக்கு மட்டும் வருகிறேன்.

மேகத்துக்கு நீங்கள் அங்கே போகக்கூட வேண்டாம். இஸ்ரோவின் மோஸ்டாக் தளத்தில் இன்சாட் செயற்கைக்கோளின் அகச்சிவப்புப் படங்கள் இரவிலும் கிடைக்கும். முந்தைய வருடங்களின் படங்களை எடுத்து ஏற்காடு, தீர்த்தமலை இரண்டு இடத்தையும் குறித்துக்கொண்டு, மாணவர்களிடம் ஆளுக்கு ஒரு மாதம் பிரித்துக்கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். சின்ன மலைமேல் மட்டும் உட்காருகிற மூடுபனி அதில் சரியாகத் தெரியாது, அதை மனதில் வையுங்கள். அதற்கு ஒரு பழைய கைபேசியை வானத்தைப் பார்த்த மாதிரி கண்ணாடிப் பெட்டிக்குள் பொருத்தி, பத்து நிமிஷத்துக்கு ஒரு படம் எடுக்கிற மாதிரி விட்டுவிட்டு வந்தால் போதும். தோட்டத்தில் ஒன்று, நிலத்தில் ஒன்று.

நடுக்கத்துக்கு இரட்டை விண்மீன்கள். கன்னியில் போரிமா, இரண்டுக்கும் இடையே சுமார் 3 வில்விநாடி. கடகத்தில் ஸீட்டா, அதன் நெருங்கிய ஜோடிக்கு இடையே ஒன்றுக்குச் சற்று மேல். போரிமாகூடப் பிரியவில்லையென்றால் மோசமான இரவு. ஸீட்டா கடகத்தின் நெருங்கிய ஜோடி சுத்தமாகப் பிரிந்து நின்றால் அருமையான இரவு. சாயங்காலம் ஒரு தடவை, நள்ளிரவு ஒரு தடவை, விடிவதற்கு முன் ஒரு தடவை பார்த்து நோட்டில் எழுதுங்கள், எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதையும் சேர்த்து. ஒரே ஆள் பார்ப்பது நல்லது, கண்ணுக்குக் கண் தீர்ப்பு மாறும். ஜனவரியிலிருந்து மே வரை ஒவ்வொரு அமாவாசையை ஒட்டியும் செய்தாலே போதுமான அளவுக்குத் தெரிந்துவிடும். மழைக்காலத்தை அளந்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஏற்காட்டு நண்பரின் இடத்தை விட்டுவிடாதீர்கள். அங்கே சின்னதாக ஒரு சூரியத் தொலைநோக்கி வையுங்கள், சரியான வடிகட்டியோடு. மலைப்பகுதியில் காலை நேரம் தரை சூடாவதற்கு முன் சூரியன் அவ்வளவு தெளிவாக இருக்கும், கொடைக்கானலில் நூறு வருடத்துக்கு மேலாகச் சூரியனைப் பதிவு செய்துவருவதும் காலை நேரத்தை நம்பித்தான். பள்ளிப் பிள்ளைகளுக்கு அது இன்னும் வசதி, இரவு தங்க வைக்கிற பிரச்சினை இல்லை.

முத்தோரைச்சரிவு

நீலகிரியிலிருந்து எழுதுகிறேன். எல்லோரும் இடத்துக்கு என்ன தகுதி வேண்டும் என்றே பேசுகிறீர்கள், இடத்துக்கு ஏற்றபடி கருவியை அமைக்கிற வழியும் உண்டு என்பதற்கு ஊட்டி முத்தோரையைப் பாருங்கள். வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் ஒரு ரேடியோ தொலைநோக்கி கட்ட நினைத்தபோது, வடக்கு தெற்காகப் போகிற, சரிவு 11 டிகிரி அளவுக்கு இருக்கிற ஒரு மலையைத் தேடினார். ஏன் 11? அந்த இடத்தின் அட்சரேகை அதுதான். அந்தச் சரிவில் 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்துக்கு உருளை வடிவத் தொலைநோக்கியைப் படுக்கவைத்தால் அதன் அச்சு தானாகவே பூமியின் அச்சுக்கு இணையாகிவிடுகிறது. ஒரே ஒரு சுழற்சியில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஒரு விண்பொருளைப் பின்தொடரலாம். 1970-இல் வேலைக்கு வந்தது, இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. மலையே மவுண்ட் ஆகிவிட்டது.

நான் சொல்ல வந்தது வேறு. அந்த ஊர்க்காரர்களிடம் பேசினீர்களா? ஹவாயில் மௌனா கியா உச்சி அங்குள்ள பூர்வகுடிகளுக்குப் புனிதமான இடம். 30 மீட்டர் தொலைநோக்கிக்கு அங்கே இடம் குறித்தபிறகு 2015-இலும் 2019-இலும் மக்கள் சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள், வேலை நின்றது. வானம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கீழே இருக்கிற மனிதர்கள் ஒப்புக்கொள்ளாத இடம் நல்ல இடம் ஆகாது என்பது என் உறுதியான கருத்து. ஹான்லேயில் வேறு மாதிரி செய்தார்கள். 2022-இல் அந்தப் பகுதியை இருள்வானக் காப்பகமாக அறிவித்து, உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சியும் தொலைநோக்கியும் கொடுத்து, வருகிற பயணிகளுக்கு வானம் காட்டுகிற வருமானத்தை அவர்களுக்கே விட்டார்கள். இப்போது விளக்குக்கு மறைப்புப் போடுவதும் ஜன்னலுக்குத் திரை போடுவதும் அந்த ஊரின் சொந்த அக்கறை ஆகிவிட்டது.

உங்கள் ஆய்வகத்தின் ஆயுள் அடுத்த தெருவிளக்கு எங்கே நடப்படுகிறது என்பதில் இருக்கிறது. ஊராட்சித் தலைவரை இப்போதே போய்ப் பாருங்கள். விளக்கு வேண்டாம் என்று கேட்காதீர்கள், பாம்பும் தேளும் உலவுகிற ஊரில் அது நியாயமில்லை. மேலே போகிற வெளிச்சத்தைத் தடுக்கும் மூடி போட்ட விளக்கு, முடிந்தால் மஞ்சள் நிறம் என்று கேளுங்கள், மூடிக்கான செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். திறக்கிற முதல் இரவு உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கே என்று சொல்லிவிடுங்கள். தீர்த்தமலையில் கோயில் விசேஷ நாட்கள் எப்போது என்றும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், அன்றைக்கு மலையெல்லாம் வெளிச்சமாக இருக்கும், நீங்களும் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு வரலாம். மின்சாரத்துக்குக் கம்பம் இழுக்காமல் சூரியத் தகடும் பேட்டரியும் வைத்தால் போதும், கம்பம் வந்தால் அதன் தலையில் விளக்கும் வந்துவிடும்.

சேலம்_வான்நோக்கி

அனைவருக்கும் நன்றி. நேற்று குழு கூடிப் பேசினோம். மேட்டின் மண் பக்கத்தை முதல் தேர்வாக வைத்திருக்கிறோம், அஸ்திவாரம் மட்டும் மே மாதத்துக்குப் பிறகுதான். ஜனவரி அமாவாசையிலிருந்து தொடங்கி ஒரே இரவில் ஒரு குழு ஏற்காட்டிலும் ஒரு குழு தீர்த்தமலையிலும் உட்கார்ந்து ஸீட்டா கடகம், போரிமா இரண்டையும் பார்த்து எழுதப்போகிறோம். இன்சாட் படங்களை எண்ணுகிற வேலையை மாணவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மவுண்டை 12 டிகிரிக்கு எதிர்எடை இடிக்காதபடி மாற்ற லேத் நண்பர் வரைபடத்தைத் திரும்பப் போட்டுக்கொண்டிருக்கிறார். ஊராட்சித் தலைவரைப் பார்க்க மாமாவே அழைத்துப்போகிறேன் என்றார், கிணற்றடி வேண்டாம் என்றதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம், ஈரத்தைப் பற்றிச் சொன்னதும் அவரே மேட்டைக் காட்டிவிட்டார்.

ஒரே ஓர் உதவி. எங்களிடம் எஸ்.க்யூ.எம். கருவி ஒன்றுதான் இருக்கிறது, இரண்டு இடத்திலும் ஒரே இரவில் அளக்க இன்னொன்று தேவை. தர்மபுரி, திருப்பத்தூர், சேலம் பக்கம் யாரிடமாவது இருந்து ஜனவரிக்கு மட்டும் இரவல் தர முடிந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள். இரண்டு கருவியையும் முதலில் ஒரே இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப்பார்த்துவிட்டுத்தான் பிரிப்போம், அளவுகளை இங்கேயே போடுகிறேன்.